மூமின் 1990 தொடர்: க்ரோக் வரும் பகுதிகளை வெட்ட வேண்டுமா?

மழைக்குருவி எழுதியது:

எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் மொட்டைமாடியில் திரை கட்டிப் பிள்ளைகளுக்குப் பழைய கார்ட்டூன் தொடர்கள் போடுகிறோம். ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை உள்ளவர்கள் வருவார்கள். அடுத்ததாக 1990-இல் ஜப்பானில் ஒளிபரப்பான மூமின் தொடரை ஆங்கிலக் குரலோடு போடலாம் என்று இருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: ஃபின்லாந்து எழுத்தாளரும் ஓவியருமான டூவே யான்சன் உருவாக்கிய உலகம் இது. மூமின்கள் வெள்ளையாக, பெரிய மூக்கும் தொந்தியுமாக இருக்கும் ட்ரோல்கள். மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கில், உயரமான நீல நிற உருளை வீட்டில் அம்மா, அப்பா, மகன் மூமின்ட்ரோல். நவம்பரில் வயிறு நிறைய பைன் இலையைத் தின்றுவிட்டுப் படுத்தால் ஏப்ரலில்தான் எழுந்திருப்பார்கள். அவர்களைச் சுற்றி லிட்டில் மை, ஸ்னஃப்கின், ஸ்னிஃப், ஸ்னோர்க் மெய்டன் என்று ஒரு கூட்டம். வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கிக்கொள்ளலாம், எவ்வளவு நாள் என்று யாரும் கேட்பதில்லை.

பிரச்சினை க்ரோக் என்ற பயமுறுத்தும் உருவம். அது உட்காரும் இடம் உறைந்துபோகும், கிட்டே வந்தால் நெருப்பு அணைந்துவிடும். இரண்டு பெற்றோர் முன்கூட்டியே பார்த்துவிட்டு, அது வரும் பகுதிகளை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்கிறார்கள். எனக்கு மனது ஒப்பவில்லை. ஆனால் காரணத்தை அவர்களுக்குப் புரியும்படி சொல்லவும் தெரியவில்லை. இந்தத் தொடரை நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிநாடா எழுதியது:

வெட்டாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தத் தொடர் எப்படி உருவானது என்று தெரிந்தால் வெட்டுவது ஏன் தவறு என்பது விளங்கும்.

ஜப்பானில் மூமின் முதன்முதலில் தொலைக்காட்சிக்கு வந்தது 1969 அக்டோபரில். ஃபுஜி டிவியில் ஞாயிறு மாலை, 1970 டிசம்பர் வரை 65 பகுதிகள். ஜப்பானியக் குழந்தைகள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அங்கிருந்து வந்ததைப் பார்த்த டூவே யான்சனுக்கு அது பிடிக்கவில்லை. மூமின் பள்ளத்தாக்கில் கார் ஓடியது, பணம் புழங்கியது, சண்டை நடந்தது. இந்த மூன்றும் தன் உலகத்தில் இல்லை என்பது அவருடைய வாதம். தயாரிப்பு நிறுவனம்கூட நடுவில் மாறியது. முதல் 26 பகுதிகளை டோக்கியோ மூவி செய்தது, பிறகு முஷி புரொடக்‌ஷன். 1972-இல் இன்னொரு 52 பகுதிகள் வந்தன. அப்போதும் அவருக்குத் திருப்தி இல்லை.

அதனால்தான் டெனிஸ் லிவ்சன் என்ற ஃபின்லாந்துத் தயாரிப்பாளர் புதிய தொடருக்காக வந்து கேட்டபோது டூவேயும் அவருடைய தம்பி லார்ஸ் யான்சனும் லேசில் இறங்கி வரவில்லை. சம்மதித்த பிறகு திரைக்கதைகளை இருவரும் படித்துத் திருத்தம் சொன்னார்கள். இயக்கியவர் ஹிரோஷி சைட்டோ. 1980-இல் டாம் சாயர் கதையைத் தொடராக எடுத்தவர். டிவி டோக்கியோவில் 1990 ஏப்ரலில் தொடங்கி 78 பகுதிகள், அதன் தொடர்ச்சியாக 26, மொத்தம் 104. அது முடிந்த பிறகு 1992-இல் வால்நட்சத்திரக் கதையைத் தனியாகத் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். சண்டை வேண்டாம் என்று அடம்பிடித்த ஒருவர், இருபது வருடம் கழித்துத் தன் மேற்பார்வையில் எடுக்கப்பட்ட தொடரில் க்ரோக்கை அப்படியே இருக்க விட்டிருக்கிறார். குழந்தைகளுக்கு வன்முறை வேண்டாம் என்பதில் அவர் கறார். பயம் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

சித்திரக்காரன் எழுதியது:

ஒளிநாடா சொன்ன வரலாறு சரி. ஆனால் 1969 தொடரைக் கெட்ட பிள்ளை மாதிரி நிறுத்துவதை ஏற்க முடியாது.

அந்தக் காலத்து ஜப்பானியத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கு என்ன இருந்தது? ரோபோ, விளையாட்டுப் போட்டி, பேய்க்கதை. மூமினுக்கு முன்பு அதே ஞாயிறு நேரத்தில் ஓடியது டோரோரோ, வாளும் பேயுமாக. அந்த இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு, ஒரு குடும்பம், சின்னச் சின்ன மனத்தாங்கல்கள் என்று கதை சொல்ல வந்ததே பெரிய துணிச்சல். அது ஓடியதால்தான் அந்த நேரம் அமைதியான குடும்பக் கதைகளுக்கு என்று ஒதுங்கியது. 1974-இல் ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடியின் தொடர் வந்ததும் அதே நேரத்தில்தான். 1969 மூமின் தோற்றிருந்தால் அந்த வரிசைக்கே வழி பிறந்திருக்குமா என்பது சந்தேகம்.

கியோகோ கிஷிடா என்ற பெரிய நாடக நடிகை மூமினுக்குக் குரல் கொடுத்தார். அந்தக் கம்மிய குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் 1990-இல் மினாமி தகயாமாவின் குரலை ஏற்றுக்கொள்ளவே சில காலம் பிடித்தது. ஸ்னஃப்கின் கையில் கிட்டார் கொடுத்தார்கள், மூலத்தில் அது மவுத் ஆர்கன். அது தவறுதான். ஆனால் அந்த கிட்டாரோடு பாலத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்னஃப்கினைத்தான் ஒரு தலைமுறை நேசித்தது.

படைத்தவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு படைப்பு மோசமாகிவிடாது. இப்போது அந்தத் தொடரை முறையாகப் பார்க்கவே வழியில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒளிநாடா எழுதியது:

சித்திரக்காரன், ஹைடிக்கு வழி திறந்தது பற்றி நீங்கள் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார், பணம் என்பதெல்லாம் சில்லறை விஷயம் இல்லை. மூமின் வீட்டில் யாரும் சம்பளத்துக்குப் போவதில்லை, கதவுக்குப் பூட்டு கிடையாது, பணத்துக்காக யாரும் யாரையும் நம்பி நிற்பதில்லை. அதனால்தான் அங்கே யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. பணத்தை உள்ளே விட்டால் விருந்தாளியின் அர்த்தமே மாறிவிடும்.

வடக்குவாசி எழுதியது:

நான் வேலை நிமித்தம் குடும்பத்தோடு எஸ்போவில் இருக்கிறேன். ஹெல்சிங்கிக்குப் பக்கத்து ஊர். இங்கே இந்தத் தொடர் 1991-இல் ஃபின்னிஷ் குரலில் வந்தது, இன்றும் மறுஒளிபரப்பு ஆகிறது. என்னோடு வேலை பார்க்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கும் குழந்தைப் பருவத்தில் அதிகம் பயந்தது எதற்கு என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: க்ரோக். இங்கே அதன் பெயர் மோர்கோ. சோஃபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம் என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பாசம் இருக்கும். யாரும் அதைத் தாங்க முடியாத அனுபவமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே போட்டுக் காட்டுகிறார்கள்.

இன்னொன்று. ஜப்பானில் எடுத்த தொடர்தான் ஃபின்லாந்தில் மூமினை மறுபடியும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. 1993-இல் நாந்தாலி ஊருக்குப் பக்கத்தில் கைலோ என்ற சின்னத் தீவில் மூமின் உலகம் என்ற பூங்கா திறந்தார்கள், அதுவும் லிவ்சனின் முயற்சி. நீல வீடு அங்கே நிஜமாகவே நிற்கிறது. உள்ளே மாடிப்படி ஏறிப் போகலாம், அடுப்பங்கரையில் பாத்திரங்கள் தொங்கும்.

தேன்மிட்டாய் எழுதியது:

நான் க்ரோக்கை வெட்டச் சொல்லும் பெற்றோர் பக்கம் நின்று பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பயம் ஒன்றில்லை. பத்து வயதுக்காரனுக்கு அது கதை. ஐந்து வயதுக்காரிக்கு அது ராத்திரி பாத்ரூம் வாசலில் நிற்கும். என் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். எஸ்போவில் அப்பா அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், சோஃபா இருக்கிறது, ஒளிந்துகொள்ள முடிகிறது. இருட்டிய மொட்டைமாடியில் பெரிய திரையில், முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் பயந்தால் அது எங்கே போகும்? பக்கத்தில் ஒருவன் சிரித்தால் தீர்ந்தது, தன் பயத்தை யாரிடமும் சொல்லமாட்டாள்.

கலைப் படைப்பை வெட்டக்கூடாது என்பது பெரியவர்களின் கவலை. பிள்ளை தூங்க வேண்டும் என்பது என் கவலை.

ஒளிநாடா எழுதியது:

தேன்மிட்டாய், நீங்கள் சொன்ன மொட்டைமாடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அது சரியான கேள்வி, அதற்கு மழைக்குருவி ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் க்ரோக் எந்த மாதிரிப் பயம் என்பதைப் பேசாமல் விட முடியாது.

மற்ற தொடர்களில் பயமுறுத்தும் ஆள் வந்தால் அவனுக்கு ஒரு திட்டம் இருக்கும். ஊரைப் பிடிக்க வேண்டும், சூப்பில் போட வேண்டும், தங்கமாக மாற்ற வேண்டும். முடிவில் தோற்பான், பிள்ளைகள் கைதட்டுவார்கள். க்ரோக்குக்கு எந்தத் திட்டமும் கிடையாது. குளிர்கிறது, அவ்வளவுதான். வெளிச்சத்தைப் பார்த்தால் சூடு கிடைக்கும் என்று வருகிறது. குளிர்காலக் கதையில் எல்லோரும் பெரிய நெருப்பு மூட்டிக் கூடியிருக்கும்போது வந்து அதன் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. நெருப்பு அணைகிறது. அணைக்க வேண்டும் என்று அது வரவில்லை. தன்னால் எதையும் அணைக்காமல் இருக்க முடியாது என்பதுதான் அதன் துயரம்.

1965-இல் வந்த நாவலில் இந்தக் கதை இன்னும் ஆழமாகப் போகிறது. குடும்பம் ஒரு கலங்கரை விளக்கத் தீவுக்குக் குடிபோகிறது. க்ரோக்கும் கடலை உறையவைத்து அதன் மேலேயே பின்னால் வருகிறது. மூமின்ட்ரோல் ராத்திரியில் புயல் விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறான். க்ரோக் அந்த வெளிச்சத்தை வெறித்துப் பார்க்கும், பிறகு பாவாடையை ஆட்டி மெல்ல நடனமாடும். தினமும் இது நடக்கிறது. ஒரு நாள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடுகிறது. விளக்கில்லாமல் போகவும் பயம், போகாமல் இருக்கவும் முடியவில்லை. வெறுங்கையோடு போகிறான். அவனைப் பார்த்ததுமே க்ரோக் சந்தோஷப்பட்டு ஆடுகிறது. அதுவரை விளக்குக்காகத்தான் வந்தது என்று அவன் நினைத்திருந்தான். அது போன பிறகு அது நின்ற மணலைத் தொட்டுப் பார்க்கிறான், உறையவில்லை.

க்ரோக்கை யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் திருத்தவுமில்லை. ஒரு சிறுவன் பயந்துகொண்டே பக்கத்தில் போய் நின்றான். க்ரோக்கை வெட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு இந்த இடத்துக்கு வர வழியே இல்லாமல் போய்விடும்.

தேன்மிட்டாய் எழுதியது:

இந்த மணல் விஷயம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. புத்தகங்களில் அந்த இடத்துக்கு வரப் பல வருடம் ஆகியிருக்கிறது. நம் பிள்ளைகள் பார்க்கப்போவது முதலில் வரும் பயமுறுத்தும் காட்சியை. மிச்சத்தை யார் சொல்வார்கள்?

கடலோரம் எழுதியது:

எல்லோரும் பயம் அதிகமா என்று பேசுகிறீர்கள். என் குறை நேரெதிர். 1990 தொடர் இனிப்பு அதிகம்.

புத்தகங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், மூமின் உலகத்தின் அடியில் ஒரு இருட்டு ஓடுகிறது. ஃபின்லாந்து மீது சோவியத் படையெடுத்த 1939 குளிர்காலத்தில், படம் வரையவே மனமில்லாமல் போன டூவே யான்சன் முதல் மூமின் கதையை எழுதத் தொடங்கினார். அது 1945-இல் புத்தகமாக வந்தது: அம்மாவும் பிள்ளையும் காணாமல்போன அப்பாவைத் தேடி வெள்ளத்துக்கு நடுவே அலைகிறார்கள். அடுத்தது 1946, வானத்திலிருந்து வால்நட்சத்திரம் பூமியை நோக்கி வருகிறது, கடல் வற்றுகிறது. அது எந்த வருடம் எழுதப்பட்டது என்று யோசித்தால் ஜப்பானியர்களுக்கு அந்தக் கதை எப்படிப் பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாவல் 1970. அதே வருடம்தான் அவருடைய அம்மா சிக்னே இறந்தார். அந்த நாவலில் மூமின் குடும்பமே வராது. வீடு காலியாகக் கிடக்கும், அவர்களைத் தேடி வந்தவர்கள் அங்கே தங்கிக் காத்திருப்பார்கள்.

தொடரில் இந்த எடை எங்கே? இளம் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று எல்லாம் மென்மையாக இருக்கிறது. சூனியக்காரப் பாட்டியும் அவருடைய பேத்தி அலிசியாவும் நாவல்களில் இல்லாதவர்கள், தொடருக்காக வந்தவர்கள். திருட்டு வேலை செய்யும் ஸ்டிங்கி படக்கதைகளிலிருந்து வந்தவன். நாவலின் கனமான இடங்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு இடையே இப்படி லேசான சாகசங்களை அடைத்துவிட்டார்கள். க்ரோக்கையும் வெட்டினால் மிச்சம் இருப்பது காப்பிக் கோப்பையில் அச்சடிக்கிற மூமின்தான்.

வடக்குவாசி எழுதியது:

கடலோரம், கோப்பையைக் குறை சொல்லாதீர்கள். அராபியா நிறுவனத்தின் மூமின் கோப்பை இல்லாத வீட்டை இங்கே நான் பார்த்ததில்லை. க்ரோக் படம் போட்டதும் இருக்கிறது, மக்கள் விரும்பி வாங்குகிறார்கள்.

படக்கதைகளை லேசானவை என்று ஒதுக்குவதும் சரியில்லை. லண்டன் ஈவினிங் நியூஸ் நாளிதழில் 1954-இல் தொடங்கியதை வரைந்தவர் டூவே யான்சனேதான். 1959 வரை அவர், பிறகு 1975 வரை லார்ஸ். தினமும் வரைந்து வரைந்து அவர் சலித்துப்போனது உண்மை. ஆனால் மூமின் அப்பா வீட்டை விட்டு ஓடிப்போக ஏங்குவதும், பக்கத்து வீட்டு ஃபில்லிஜோங்க் அம்மாள் சுத்தம் சுத்தம் என்று தன்னையே வதைத்துக்கொள்வதும் அங்கே அழகாக வரும்.

எடை பற்றி: இருட்டு இருந்தால்தான் எடை என்று ஏன் நினைக்க வேண்டும்? தொப்பிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரின் தொடக்கத்திலேயே வந்துவிடும். மலை உச்சியில் ஒரு கறுப்புத் தொப்பி கிடைக்கிறது. அதற்குள் எது போனாலும் வேறொன்றாக மாறும். முட்டை ஓட்டைப் போட்டால் ஏறிச் சவாரி செய்ய மேகங்கள் வருகின்றன. பிள்ளைகள் ஆர்ப்பரிப்பார்கள். பிறகு கண்ணாமூச்சி விளையாடும்போது மூமின்ட்ரோல் அதற்குள் ஒளிந்துகொள்கிறான். வெளியே வரும்போது அவன் உருவமே வேறு. நண்பர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நான்தான் மூமின் என்று சொன்னால் கோபப்பட்டு அடிக்க வருகிறார்கள். கடைசியில் அம்மாவிடம் ஓடுகிறான். அவள் அவன் கண்ணை நிதானமாகப் பார்த்துவிட்டு, ஆமாம், நீ என் பிள்ளைதான் என்கிறாள். அந்தக் கணமே பழைய உருவம் வந்துவிடுகிறது.

மந்திரத்தை முறிக்க மந்திரம் இல்லை, வாள் இல்லை. அடையாளம் கண்டுகொண்டது மட்டும்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பயமும் கிடையாது, இதைவிடப் பெரிய ஆறுதலும் கிடையாது. இளஞ்சிவப்பில் வரைந்தாலும் இதன் கனம் குறையவில்லை.

கடலோரம் எழுதியது:

தொப்பிக் கதைக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அது என்னையும் கலங்கடித்த இடம்.

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அந்த இரண்டு பெற்றோரிடமும் தொப்பிக் கதையையும் விளக்குக் கதையையும் சொன்னேன். ஒருவர் சம்மதித்துவிட்டார். இன்னொருவர் தேன்மிட்டாய் சொன்னதையே சொல்கிறார்: முதலில் பயம், மிச்சத்தை யார் சொல்வது?

எந்த வரிசையில் போடுவது என்று யோசனை சொல்லுங்கள். போலந்தில் துணி பொம்மைகளை வைத்து எடுத்த மூமின் தொடர் ஒன்று இருக்கிறதாமே, சிறியவர்களுக்கு அது ஒத்துவருமா?

சித்திரக்காரன் எழுதியது:

போலந்துத் தொடர் அருமையானது, ஆனால் சிறியவர்களுக்கு என்றால் யோசிக்க வேண்டும்! வூட்ச் நகரத்து செ-மா-ஃபோர் ஸ்டூடியோ 1977 முதல் 1982 வரை எடுத்தது. கம்பளித் துணியில் வெட்டிய உருவங்களை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படம் பிடித்திருக்கிறார்கள். துணியின் நார் ஓரங்களில் சிலிர்த்து நிற்பது திரையிலேயே தெரியும். டூவே யான்சனுக்குப் பிடித்த வடிவம் இது. புத்தகத்தோடு மிக நெருக்கமாகவும் இருக்கும். ஆனால் அந்த இருட்டுப் பின்னணியில் வரும் க்ரோக்கைப் பார்த்தால் 1990 க்ரோக் சாது என்பீர்கள்.

பிரிட்டனில் 1983-இல் இது ஆங்கிலக் கதைசொல்லலோடு வந்தது. கிரேம் மில்லர், ஸ்டீவ் ஷில் என்ற இரண்டு இளைஞர்கள் சின்ன சின்தசைசரும் ஊதுகருவியும் வைத்து அதற்குப் புதிதாக இசையமைத்தார்கள். அந்த இசைக்காகவே இன்றும் தேடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குத் தனியாக ஒரு நாள் போடுங்கள்.

வடக்குவாசி எழுதியது:

வரிசைக்கு என் யோசனை: தொப்பிக் கதை முதலில். அடுத்தது நின்னி.

நின்னி யார் என்றால், அவளை வளர்த்த அம்மாள் அடிக்கவில்லை, திட்டவில்லை, எப்போதும் குத்திக்குத்திப் பேசியே இருந்தாள். அதில் அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டாள். கழுத்தில் கட்டிய சின்ன மணியின் சத்தத்தை வைத்துத்தான் எங்கே இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். டூ-டிக்கி அவளை மூமின் வீட்டில் கொண்டுவந்து விடுகிறாள். (டூ-டிக்கி யாரைப் பார்த்து உருவானவள் தெரியுமா? டூவே யான்சனின் வாழ்க்கைத் துணையான ஓவியர் டூலிக்கி பியெதிலா. இருவரும் க்ளோவ்ஹாரு என்ற மரமில்லாத பாறைத் தீவில் பல வருடக் கோடைகளைக் கழித்தார்கள்.)

மூமின் அம்மா நின்னியை எதுவும் விசாரிப்பதில்லை. பாட்டியின் குறிப்பேட்டைப் பார்த்து மருந்து கலக்கித் தருகிறாள், ஒரு உடை தைத்துக் கொடுக்கிறாள். முதலில் பாதம் தெரிகிறது. பிறகு கால். முகம் மட்டும் வருவதாக இல்லை. நின்னிக்கு விளையாடத் தெரியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பணிவாகத் தலையாட்டுகிறாள். கோபப்படத் தெரியாவிட்டால் உனக்கு முகமே வராது என்று லிட்டில் மை நேராகச் சொல்லிவிடுகிறாள். கடற்கரையில் மூமின் அப்பா விளையாட்டுக்கு அம்மாவைத் தண்ணீரில் தள்ளிவிடப் போவது போல் பின்னால் பதுங்கி வருகிறார். நின்னி பாய்ந்து அவர் வாலைக் கடித்துவிடுகிறாள். முகம் வந்துவிடுகிறது.

இதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, பார்க்க ஒரு மாதிரி இருப்பவர்களுக்குப் பின்னால் ஏதோ நடந்திருக்கிறது என்பது தானாகவே புரியும். அதற்கு அடுத்தபடி க்ரோக்கைக் காட்டுங்கள். தேன்மிட்டாய் கேட்ட மிச்சத்தைப் பாதி நின்னியே சொல்லிவிடுவாள்.

தேன்மிட்டாய் எழுதியது:

நின்னியை முதலில் காட்டுவது நல்ல யோசனை. அப்படியென்றால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன், ஆனால் சில நிபந்தனைகள். க்ரோக் வரும் வாரம் முழு இருட்டில் போடாதீர்கள், மாடி விளக்கு ஒன்றாவது எரியட்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும். முடிந்ததும் உடனே கலைத்துவிடாமல் அந்த விளக்குக் கதையைச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

இன்னொரு சந்தேகம். எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆங்கிலப் பேச்சு வேகமாகப் புரியாது. தமிழில் கிடைக்குமா?

மழைக்குருவி எழுதியது:

நிபந்தனைகள் எல்லாம் சரி, அப்படியே செய்கிறேன். தமிழ்க் குரலோடு ஒரு பிரதியும் என் கையில் இல்லை. ஆங்கிலக் குரலோடுதான் இருக்கிறது.

சித்திரக்காரன் எழுதியது:

அப்படியானால் நீங்களே பேசுங்கள். நான் சொன்ன பிரிட்டிஷ் வடிவத்தில் ரிச்சர்ட் முர்டாக் என்ற ஒரே நடிகர்தான் கதையையும் சொல்லி எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசுவார். பிள்ளைகளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒலியைக் குறைத்துவிட்டு, மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்லுங்கள். ஒரு பகுதி இருபத்தைந்து நிமிடத்துக்குள்தான் வரும். முன்கூட்டி இரண்டு முறை பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டால் போதும்.

அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. க்ரோக் வரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம். யாராவது ரொம்ப மிரண்டால் அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தி, அதற்கு எவ்வளவு குளிரும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் மறுபடி ஓட்டுங்கள். லிட்டில் மைக்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் குடியிருப்பிலேயே அதற்குப் பொருத்தமான ஒரு எட்டு வயதுப் பெண் நிச்சயம் இருப்பாள்.